முட்டைக்கு வசூல் நோட்டு: மகாராஷ்டிர அரசுக்குத் தாராவியிலிருந்து ஒரு திறந்த மடல்

மகாராஷ்டிர முதலமைச்சர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வித் துறை, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர்களுக்கும்,

2025 ஜனவரி 28-ஆம் தேதி பள்ளிக் கல்வித் துறை ஓர் ஆணை வெளியிட்டது. மதிய உணவோடு வாரத்தில் ஒரு நாள் கொடுத்துவந்த முட்டைக்கு இனி அரசு தனியாகப் பணம் தராது. கேழ்வரகுச் சத்துமாவிலும் பாயசத்திலும் போடுகிற சர்க்கரைக்கும் தராது. கொடுக்க விரும்பும் பள்ளிகள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கொடுத்துக்கொள்ளலாம். திரட்டுகிற வேலை பள்ளி நிர்வாகக் குழுவின் தலையில்.

அப்படி ஒரு குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் என் மகன் படிக்கிறான். நானும் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள்தான். இப்போது தையல் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த மடலை மராத்தியில் எழுதி உங்கள் மூவர் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், சயான் கோலிவாடாவிலும் சீத்தா கேம்ப்பிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் இதைப் படித்து அவரவர் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்கட்டும் என்பதுதான்.

ஆணை வந்ததும் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்கினோம். மேலே பள்ளியின் பெயரை எழுதி, கோடு போட்டு, தெருத் தெருவாகப் போனோம். யாரிடம் போவோம்? விடியற்காலையில் இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் வைத்து ரயில் ஏறுகிற வீடுகளுக்கு. தோல் பை தைக்கிற பட்டறைகளுக்கு. முறுக்கு, அதிரசம் போடுகிற வீடுகளுக்கு. இவர்களுடைய பிள்ளைகள்தான் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து ரூபாய், இருபது ரூபாய். ஒரு தகரக் கடைக்காரர் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்றார். இட்லிக்கார ஆச்சி ஒருத்தி மட்டும் நோட்டைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாள்: “ஏட்டி, சர்க்கார்ட்ட துட்டு இல்லன்னா நம்மகிட்ட கேக்கான்?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில வாரம் முட்டை ஓடியது. அப்புறம் நின்றது. ஒரே தெருவில் எத்தனை முறை கை நீட்ட முடியும்? வசதியான பகுதியில் ஏதாவது ஒரு கம்பெனியோ கிளப்போ பணம் போட்டு வருடம் முழுக்க முட்டை கொடுத்துவிடும். எந்தப் பிள்ளைக்கு முட்டை அவசியமோ அந்தப் பிள்ளையின் தெருவில்தான் முட்டைக் காசு கிடையாது. இது உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமா?

அந்த ஆச்சியின் கேள்விக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டையை நிறுத்தியதால் வருடத்துக்குச் சுமார் 50 கோடி ரூபாய் மிச்சம் என்று பத்திரிகைகள் எழுதின. 2025-26-க்கான மாநில பட்ஜெட் ஏறக்குறைய 7 லட்சம் கோடி ரூபாய். அதாவது அரசு செலவழிக்கும் ஒவ்வொரு லட்சம் ரூபாயிலும் 7 ரூபாய். எங்கள் தெருக் கடையில் ஒரு முட்டையின் விலையும் கிட்டத்தட்ட அதேதான். மும்பை மாநகராட்சிக்கு அந்த வருடம் தனியாக 74,427 கோடி ரூபாய் பட்ஜெட். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி இது என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மகாராஷ்டிரம்தான் நாட்டின் மிகப் பெரிய மாநிலப் பொருளாதாரம். ஒரு டிரில்லியன் டாலரை எட்டப் போகிறோம் என்று நீங்கள் மேடைதோறும் பேசுகிறீர்கள். நல்லது, எட்டட்டும். ஆனால் உங்கள் அரசே ஒப்புக்கொள்கிற இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2015-16-இல் மகாராஷ்டிரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 34.4 சதவீதம். 2019-21-இல் அது 35.2 சதவீதம். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் இரண்டு முறையும் 25.6 சதவீதம், புள்ளி கூட நகரவில்லை. மிக மோசமாக மெலிந்தவர்கள் 9.4-லிருந்து 10.9-க்கு ஏறிவிட்டார்கள். இந்த இடைப்பட்ட வருடங்களில் மும்பையில் மெட்ரோ பாதை நீண்டது, கட்டடங்கள் உயர்ந்தன, மாநிலத்தின் உற்பத்தி பெருகியது. நாலில் ஒரு குழந்தை மெலிந்தே இருந்தது.

தமிழ்நாட்டில் அதே 2019-21 கணக்கில் உயரம் குறைந்தவர்கள் 25 சதவீதம், மெலிந்தவர்கள் 14.6 சதவீதம். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நாலில் ஒரு குழந்தை வளராமல் நிற்பது எந்த ஊருக்கும் பெருமை இல்லை. ஆனால் அங்கே எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு வாரம் ஒன்று. 2010-லிருந்து பள்ளி நாட்களில் வாரத்துக்கு ஐந்து. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. நடுவில் எத்தனையோ முறை ஆட்சி மாறியது. வந்தவர்கள் முட்டையைக் கூட்டினார்கள், யாரும் குறைக்கவில்லை. 1982-இல் தமிழ்நாடு ஒன்றும் பணம் கொழித்த மாநிலம் இல்லை. பணம் வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் இன்றும் உட்கார்ந்துதான் இருப்பார்கள்.

வளர்ச்சி வந்தால் பிள்ளைகளின் உடம்பு தானாகத் தேறிவிடும் என்ற நம்பிக்கையை ஆராய்ச்சியாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எஸ்.வி. சுப்ரமணியன் உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 1992 முதல் 2006 வரை நடந்த மூன்று குடும்பநலக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டது. மாநிலங்களின் பொருளாதார வளர்ச்சிக்கும் குழந்தைகளின் ஊட்டக்குறைவு குறைவதற்கும் உறுதியான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை.

ஏன் தென்படவில்லை என்பதற்கு எங்கள் சந்தில் ஒரு நாள் நின்றாலே போதும். வருமானம் உயரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா காலத்தோடு பார்த்தால் கையில் காசு இருக்கிறது, வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. ஆனால் வளர்ச்சி எங்கள் சந்துக்குள் முதலில் ஐந்து ரூபாய் பாக்கெட்டாகத்தான் நுழைந்தது. பொரித்த சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கலர் ஜூஸ். எந்தக் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, போனாலும் வாசலில் தொங்குகிறது. அம்மா காலை ஆறு மணிக்கு மாட்டுங்காவில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை ஆறு வயது அக்காவிடம் இருக்கிறது. அது அழுதால் அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பாக்கெட். வயிறு நிறைகிறது, அழுகை நிற்கிறது. மாலையில் அம்மா வந்து சாதத்தைப் பிசைந்து ஊட்டினால் குழந்தைக்குப் பசி இல்லை. அதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறையை எத்தனை பேர் வரிசை கட்டிப் பயன்படுத்துகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு ஒரு சுற்று வந்துபோனால், குழந்தை மூன்று மாதம் ஏற்றிய எடை போய்விடும். இதை எந்தச் சம்பள உயர்வும் தனியாகச் சரிசெய்யாது. பால்வாடி செய்யும். நல்ல தண்ணீர் செய்யும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் செய்யும். முட்டை செய்யும்.

செய்யும் என்று உங்கள் மாநிலமே நிரூபித்திருக்கிறது. இதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தம். 2005-இல் ராஜமாதா ஜிஜாவு பெயரில் தாய் சேய் ஊட்டச்சத்து இயக்கத்தை ஆரம்பித்தீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள்மீதும் கர்ப்பிணிகள்மீதும் கண்ணை வைத்து வேலை நடந்தது. 2012-இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியபோது, அந்த வயதில் உயரம் குன்றியவர்களின் விகிதம் ஏழே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்து எழுதினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அந்த வேகம் எங்கே போயிற்று?

தாராவிக்கு இதில் இன்னொரு உரிமையும் உண்டு. 1975-இல் நாடு முழுவதும் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் சோதனையாகத் தொடங்கியபோது, மகாராஷ்டிரத்தில் எடுத்த இடங்களில் ஒன்று தாராவி. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் பகுதியில் நான் பார்க்கிற அங்கன்வாடி இன்னும் வாடகை அறைதான். கை கால் நீட்டினால் சுவர் தட்டும். சமைக்க இடம் இல்லை, கழிப்பறை இல்லை, எடை பார்க்கும் இயந்திரத்தைப் பாதி நாள் பக்கத்து வீட்டில் வைக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ஊழியரை நாங்கள் தாயி என்போம். அந்த தாயியைக் குறை சொல்லி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அவர் இல்லையென்றால் பக்கத்துக் கோலிக் குழந்தையின் கையைச் சுற்றிய நாடா சிவப்பில் நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புஜத்தின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அது உயிருக்கு ஆபத்தான மெலிவு.

அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற சத்துமாவு பாக்கெட், 2025 ஜூலை 1 முதல் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்த்தால்தான் என்று ஆகிவிட்டது. அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் என்ற செயலியில் அவள் முகம் ஆதார் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓடிபி வேறு வர வேண்டும். அவள் ஆதாரோடு இணைத்த எண் புருஷனுடையது. அவன் கொத்தனார் வேலைக்குப் போன இடத்தில் போனை எடுக்க மாட்டான். முகம் பொருந்தவில்லை என்று செயலி சொல்லிவிட்டது. பதினாறு வயதில் எடுத்த படம். இப்போது இரண்டு பிரசவம் ஆகி, பாதி உடம்பாக இருக்கிறாள். பொருந்தாமல் போனதே அவளுக்கு அந்த பாக்கெட் எவ்வளவு தேவை என்பதற்கு அத்தாட்சி. தாயி என்ன செய்வார்? இன்னொரு நாள் வா என்றார். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை செய்கிற வீட்டில் சம்பளத்தைப் பிடிப்பார்கள். மாதக் கடைசிவரை பாக்கெட் கைக்கு வரவில்லை.

இது தில்லி கொண்டுவந்த முறை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் சந்தில் அதை நடத்துவது உங்கள் துறை. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் உணவை உரிமையாக்கியிருக்கிறது. கொடுக்கத் தவறினால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஈட்டுத்தொகை வாங்கிய ஒரு தாயைக்கூட எங்கள் பகுதியில் நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கன்வாடிக் குழந்தைக்கு ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய் என்று 2017-இல் வைத்தார்கள். எட்டு ரூபாய்க்கு மும்பையில் ஒரு கட்டிங் சாய், அரை டம்ளர் டீ, வாங்கிக் காட்டுங்கள். உயர்த்துவோம் என்று 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்காகக் காத்திருக்கும் குழந்தைக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை, அரிசி போக மற்றச் சாமான்களுக்கு 2025 மே முதல் 6 ரூபாய் 78 காசு. சட்டப்படி அந்தத் தட்டில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும். நூறு கிராம் அரிசி, இருபது கிராம் பருப்பு என்று காகிதத்தில் கூட்டினால் கணக்கு வரும். என் மகன் கொண்டுவரும் டப்பாவில் மீந்த கிச்சடியைப் பார்த்தால் பருப்பைத் தேட வேண்டும். முட்டையை யாரும் தண்ணீர் ஊற்றி நீட்ட முடியாது. ஆறு கிராம் புரதம் ஓட்டுக்குள் அப்படியே இருக்கும். அது வந்ததா வரவில்லையா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லத் தெரியும். பெற்றோர் நாங்கள் முட்டையை விடாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டை சிலருக்கு ஒவ்வாது என்பீர்கள். சில அமைப்புகள் எதிர்த்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் 2023 நவம்பரில் முட்டையை அறிவித்தபோதே, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று நீங்களே எழுதினீர்கள். எங்கள் பள்ளியில் வாழைப்பழம் வாங்கிய பிள்ளைகளும் இருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து முட்டை தின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். சண்டை எதுவும் வரவில்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகம் வாரத்துக்கு ஆறு நாள் முட்டை தருகிறது. அதற்கு ஒரு தனியார் அறக்கட்டளையின் பணமும் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டது அரசு. இட்லி விற்கிறவளிடம் நோட்டோடு போகச் சொல்லவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் மாநிலத்திலேயே ஆதிவாசிப் பகுதிகளில் அப்துல் கலாம் பெயரில் அமுத உணவுத் திட்டம் 2015 முதல் நடக்கிறது. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வாரத்தில் நாலு நாள் முட்டையோ வாழைப்பழமோ கிடைக்கிறது. ஆக, முட்டையின் பலன் உங்களுக்குத் தெரியும். மேல்காட் என்ற ஆதிவாசிப் பகுதியில் தெரிந்தது தாராவியில் ஏன் மறந்துபோகிறது? பெருநகரம் என்பதாலா?

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

2025 ஜனவரி 28 ஆணையில் முட்டைக்கும் சர்க்கரைக்கும் பணத்தை நிறுத்திய பகுதியைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த பட்ஜெட்டில் முட்டைக்கென்று தனித் தலைப்பில் பணம் ஒதுக்குங்கள். சந்தை விலை ஏறும்போது அதுவும் தானாக ஏற வேண்டும். வாரம் ஒன்று என்பது குறைந்தபட்சம். இரண்டாகத் தொடங்கினால் நாங்கள் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். எந்தப் பள்ளியும் உணவுக்காகப் பெற்றோரிடம் வசூல் செய்யக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அமுத உணவுத் திட்டத்தின் முட்டையை நகரத்துக் குடிசைப் பகுதி அங்கன்வாடிகளுக்கும் கொண்டுவாருங்கள். தாராவி, கோவண்டி, மான்குர்ட் ஆகிய இடங்களிலிருந்து ஆரம்பியுங்கள். 8 ரூபாயை மத்திய அரசு உயர்த்துகிறவரை மாநிலம் தன் பங்குக்கு மேலே போட்டுக் கொடுக்கட்டும்.

முகம் பொருந்தவில்லை, ஓடிபி வரவில்லை என்ற காரணத்துக்காக எந்தத் தாயையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எல்லா அங்கன்வாடிகளுக்கும் உடனே சுற்றறிக்கை அனுப்புங்கள். பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு பாக்கெட்டைக் கொடுக்கட்டும். இதுவரை கொடுக்காமல் விட்ட மாதங்களுக்கு 8-ஆம் பிரிவின்படி பணத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள். இந்த முறையைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று தில்லிக்கு நீங்களும் எழுதுங்கள்.

தாராவியை இடித்துக் கட்டப் போகிறீர்கள். அதைப் பற்றிய சண்டை தனி. இங்கே ஒன்றே ஒன்று கேட்கிறோம். எந்தத் தெருவைக் காலி செய்தாலும், அந்தக் குடும்பங்கள் போகிற இடத்தில் அங்கன்வாடி முதல் நாளே திறந்திருக்க வேண்டும். குழந்தையின் பெயரும் எடைப் பதிவும் அதோடு போக வேண்டும். தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று வீட்டுக்குப் பட்டியல் போடுவீர்கள். அந்தப் பட்டியலைக் குழந்தையின் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு பள்ளி வாசலிலும், அன்றன்று எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை முட்டை வந்தது என்பதைப் பலகையில் எழுத உத்தரவிடுங்கள். மராத்தியோடு, அந்தப் பள்ளியில் பெற்றோர் படிக்கிற மொழியிலும் எழுதட்டும். சரிபார்க்கிற வேலையை நாங்கள் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். எங்கள் குழு எழுதிய மராத்திக் கடிதத்தில் பள்ளியின் முகவரி இருக்கிறது. செய்ய முடியாதது எதுவானாலும், ஏன் முடியாது என்பதையும் பதிலில் எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை அப்படியே படித்துக் காட்டுவோம்.

பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி நிர்வாகக் குழு,
தாராவி, மும்பை